டாக்ஸ் கிரெடிட் புதுப்பிப்பு (பிரிட்டன்)

குறைந்த வருமானத் தொழிலாளர்க்கும் குழந்தை வளர்ப்போர்க்கும் பிரிட்டன் அரசு 2003 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் 5 வரை வழங்கிய உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் செய்யவேண்டியிருந்த மறுபதிவு. பெயரில் வரி இருந்தாலும் பணம் நேரே வங்கிக் கணக்குக்கே வந்தது. வாரந்தோறும் அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

நிதியாண்டு ஏப்ரல் 6இல் பிறக்கும். அன்று முதல் பழைய விவரங்களை வைத்துத் தற்காலிகத் தொகை வந்துகொண்டிருந்தது. பின்னர் வருவாய்த் துறையின் உறை வீடு தேடி வந்தது. முந்தைய ஆண்டின் உண்மையான வருமானத்தைப் பெரும்பாலும் ஜூலை 31க்குள் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. தவறினால் பணம் நின்றது. அதோடு போகவில்லை: ஏப்ரலிலிருந்து வாங்கியதையும் திருப்பிக் கேட்டார்கள்.

திட்டத்தின் தீராத தலைவலி, தகுதிக்கு மேல் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்ட இந்த மிகைத்தொகைதான். மாறிக்கொண்டே இருக்கும் கூலியை ஆண்டுக் கணக்கில் அளந்ததால் வந்த வினை அது. இதைக் குறைக்க, வருமான உயர்வில் கணக்கில் சேர்க்காத வரம்பை 2006இல் 2,500 பவுண்டிலிருந்து 25,000க்கு உயர்த்தினார்கள். பின்னர் படிப்படியாகக் குறைத்து, 2016இல் மீண்டும் 2,500க்கே கொண்டுவந்தார்கள். பழைய பாக்கிகள், இதற்கு மாற்றாக வந்த யுனிவர்சல் கிரெடிட்டிலும் பிடிக்கப்படுகின்றன.