யூனுஸ் நபியின் ஊர்க்காரர்

மாரி மழை பலத்துவிட்டால் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதி எங்கே, வயல் எங்கே என்று தெரியாது. மேற்கே பரந்து கிடக்கும் வயல்வெளியில் சேரும் வெள்ளம் கடலைத் தேடி ஓடும்போது அந்த வீதியைக் கடந்துதான் போக வேண்டும். 2024 நவம்பர் 26 அன்றும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறைக்காகச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சில பிள்ளைகளைக் கரையேற்ற முடிந்தது. மற்றவர்களுக்காக ஊர் நாட்கணக்கில் தண்ணீரோரம் காத்து நின்றது. கிடைத்தவை ஜனாஸாக்கள்.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் ஒருவர் என்று ஹதீஸ் சொல்கிறது. பெற்ற உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இதைவிடப் பெரிய ஆறுதலை மனிதர் யாரும் சொல்லிவிட முடியாது.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள இந்தக் கரையில் தண்ணீரைப் பற்றிய பயம் புதிதல்ல. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ மறந்த வீடு இங்கே இல்லை. கடலுக்குப் போன தோணி திரும்பாத இரவிலும், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் வேளையிலும் முஸ்லிம் வீடுகளில் ஒரு சிறிய துஆவைத் திரும்பத் திரும்ப ஓதுவார்கள். மூத்தம்மாமார் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி முணுமுணுப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அது யூனுஸ் நபி (அலை) அவர்கள் மீன் வயிற்றுக்குள் இருந்து கேட்ட துஆ. இந்த வாரம் அவரைப் பற்றித்தான் பார்க்கப்போகிறோம்.

குர்ஆனின் 10ஆவது அத்தியாயத்துக்கு யூனுஸ் என்றே பெயர். ஆனால் அவருடைய வரலாற்றை அதில் தேடினால் ஒரே ஒரு வசனம்தான் கிடைக்கும். அதுவும் அவரைப் பற்றியதைவிட அவருடைய ஊர் மக்களைப் பற்றியது. மற்றவை அன்பியா, ஸாப்பாத், கலம் ஆகிய அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் அவர் 'துன்னூன்', அதாவது மீனுக்குரியவர் என்று அழைக்கப்படுகிறார். யூதர்களின் வேதத்தில் இவரே யோனா. எபிரேய மொழியில் அச்சொல்லுக்குப் புறா என்று பொருள். அவர் பெயரில் அங்கே தனி நூலே இருக்கிறது. நான்கு அதிகாரங்கள், 48 வசனங்கள். கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டிலும் அதே நூல்தான். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு அடையாளம் கேட்டவர்களிடம் யோனாவின் அடையாளத்தையே சுட்டிக்காட்டுகிறார். ஆரம்பக் காலக் கிறிஸ்தவர்கள் ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் தீட்டிய ஓவியங்களில், மீன் வாயிலிருந்து வெளிவரும் யோனாவை அடிக்கடி காணலாம்.

கதையின் எலும்புக்கூடு மூன்று மார்க்கத்தாருக்கும் ஒன்றே. நினிவே என்ற பெருநகரத்தை எச்சரிக்க ஒரு நபி அனுப்பப்படுகிறார். அவர் விலகிப் போய்க் கப்பலேறுகிறார். கப்பல் ஆபத்தில் சிக்க, சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்கள். அவர் பெயர் விழுகிறது. கடலில் விழுந்தவரை மீன் விழுங்குகிறது. பிரார்த்தனைக்குப் பின் கரையில் உமிழ்கிறது. நினிவே மக்கள் திருந்தி மன்னிக்கப்படுகிறார்கள்.

விலகியது எப்போது என்பதில்தான் வேறுபாடு. எபிரேய நூலின்படி அவர் நினிவேக்குப் போகவே மனமின்றி, யோப்பா துறைமுகத்தில் நேர் எதிர்த்திசைக்குக் கப்பல் பிடிக்கிறார். முஸ்லிம் விரிவுரையாளர்கள் பலரோ, அவர் அம்மக்களிடம் எடுத்துச் சொல்லிச் சலித்து, அவர்கள் கேட்காததால் கோபித்துக்கொண்டு, இறைவனின் அனுமதி வருமுன் ஊரை விட்டுப் புறப்பட்டார் என்று விளக்குகிறார்கள்.

எபிரேய நூலில் கப்பல்காரர்கள் வரும் இடம் நின்று படிக்க வேண்டியது. ஆளுக்கொரு தெய்வத்தைக் கும்பிடும் அந்நியர்கள் அவர்கள். புயலுக்குக் காரணம் தானே, தன்னைத் தூக்கிக் கடலில் எறியுங்கள் என்று அவரே சொல்கிறார். அப்போதும் அவர்களுக்கு மனம் வரவில்லை. முடிந்த மட்டும் தண்டு வலித்துக் கரைசேரப் பார்க்கிறார்கள். முடியாமற் போன பிறகே எறிகிறார்கள். கடற்றொழில் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோணியில் ஏறியவனை விட்டுவிட்டு வருவது அவர்களுடைய வழக்கத்தில் இல்லை.

மீனுக்குள் அவர் என்ன கேட்டார்? இரவின் இருள், கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என்று மூன்று இருள்களை விரிவுரையாளர்கள் எண்ணுவார்கள். அந்த இருளில் இருந்தவர் 'என்னைக் காப்பாற்று' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. இறைவன் ஒருவனே என்று ஒப்புக்கொள்கிறார். அவனுடைய தூய்மையைப் போற்றுகிறார். பிழை செய்தவன் தானே என்கிறார். அவ்வளவுதான். கேட்காத ஊரைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. நெருக்கடியில் ஓதுவதற்கு எத்தனையோ துஆக்கள் இருக்க, தன் பிழையை மட்டும் சொல்லும் இந்தத் துஆ எளிய மக்களின் நாவில் இவ்வளவு ஆழமாக ஊன்றியிருப்பது பெரிய விஷயம்.

கரையில் விழுந்தவருக்கு நிழல் கொடுத்த செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குர்ஆனில் அது சுரையினக் கொடி. வெட்டவெளியில் நோயாளியாகக் கிடந்தவர் மீது இறைவன் அதை முளைக்கச் செய்கிறான். தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் அது ஆமணக்கு. முளைக்கும் இடமும் வேறு. நினிவே மன்னிக்கப்பட்டது பொறுக்காமல் ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கும் யோனாவுக்கு அது நிழலாகிறது. மறுநாள் ஒரு பூச்சி அரிக்கச் செடி பட்டுப்போகிறது. அவர் செடிக்காக வருந்துகிறார். ஒரு செடிக்காக நீ இரங்கும்போது, வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேர் வாழும் நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்ற பொருளில் இறைவன் கேட்கும் கேள்வியோடு நூல் முடிகிறது. யோனாவின் பதில் அதில் இல்லை.

இந்தச் செடி ஒரு தேவாலயத்தில் கலவரமே மூட்டியிருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இன்று லிபியாவின் திரிப்போலி இருக்கும் இடத்தில் அன்று ஓயா என்ற நகரம். அங்கே ஓர் ஆயர், ஜெரோம் என்ற அறிஞர் செய்த வேதாகமத்தின் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பை வாசித்தார். தலைமுறைகளாகக் காதில் பழகியிருந்த சுரைக்குப் பதிலாக வேறொரு கொடியின் பெயர் வந்தது. சபை கொதித்தெழுந்தது. ஆயர் யூதர்களிடம் போய் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. இன்னோர் ஆயரான அகஸ்தீன் இதை ஜெரோமுக்கே கடிதத்தில் எழுதினார். நபிமார் கதையில் ஒரு கொடியின் பெயரைக்கூட மக்கள் எத்தனை உரிமையோடு காத்து வந்திருக்கிறார்கள்!

நினிவே இன்றைய ஈராக்கின் மோசுல் நகரில் இருக்கிறது. 1840களில் ஆய்வாளர் ஆஸ்டின் லேயர்ட் தோண்டியபோது அசீரிய அரண்மனைகள் வெளிவந்தன. ஆனால் அங்குள்ள இரண்டு மேடுகளில் ஒன்றைப் பெரிதாகத் தோண்ட முடியவில்லை. அதன் மேல் நபி யூனுஸ் பள்ளிவாசலும், அவருடையது என்று மக்கள் நம்பிய அடக்கத்தலமும் இருந்தன. முன்பு கிறிஸ்தவர்களின் வழிபாட்டிடமாக இருந்த இடம் அது. 2014 ஜூலை 24 அன்று ஐ.எஸ். அமைப்பினர் வெடி வைத்து அதைத் தகர்த்தார்கள். 2017இல் ஈராக்கிய இராணுவம் அப்பகுதியை மீட்டபோது, தொல்பொருள் திருட ஐ.எஸ். அமைப்பினர் தோண்டிய சுரங்கங்கள் வழியே அசீரிய அரண்மனை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வெவ்வேறு சமயத்தார் மாறி மாறித் தொழுது காத்த மேட்டைத் தகர்த்தவர்கள் இந்த நபியின் வரலாற்றில் எதைப் படித்தார்களோ!

கட்டடம் போனாலும் அவருடைய நினைவு நாட்காட்டிகளில் இருக்கிறது. யூதர்கள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரின் பிற்பகலில் யோனா நூலை முழுவதும் வாசிக்கிறார்கள். சிரியத் திருச்சபைகள் நினிவே மக்களின் நோன்பை மூன்று நாள் நோற்கின்றன. கேரளத்தில் அதற்கு 'மூன்னு நோம்பு' என்று பெயர். கோட்டயம் மாவட்டத்துக் குறவிலங்காடு தேவாலயத்தில் அந்நாட்களில் மரக்கப்பல் ஒன்றைத் தோளில் சுமந்து, புயலில் ஆடுவது போல் முன்னும் பின்னும் அசைத்து ஊர்வலம் வருவார்கள்.

முஸ்லிம்களுக்கோ யூனுஸ் நபியின் பெயர் இன்னொரு நாளையும் நினைவூட்டும். கி.பி. 619 அளவில் கதீஜா நாயகியையும் அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்த நபிகள் நாயகம் (ஸல்) ஆதரவு தேடித் தாயிப் நகருக்குப் போனார்கள். ஊர்த் தலைவர்கள் ஏளனம் செய்தார்கள். சிறுவர்களையும் அடிமைகளையும் ஏவிக் கல்லெறிய வைத்தார்கள். கால்களில் இரத்தம் வடிய நபிகளார், மக்காவைச் சேர்ந்த உத்பா, ஷைபா என்ற சகோதரர்களின் தோட்டத்தில் ஒதுங்கினார்கள். அந்தச் சகோதரர்கள் எதிரிகள்தான். என்றாலும் இரங்கி, தம் அடிமை அத்தாஸிடம் ஒரு தட்டில் திராட்சைக் குலை கொடுத்தனுப்பினார்கள்.

இறைவன் பெயரைச் சொல்லி நபிகளார் பழத்தில் கை வைத்ததும் அத்தாஸ் வியந்தார். இந்த ஊரில் யாரும் இப்படிச் சொல்வதில்லையே என்றார். நீர் எந்த ஊர், எந்த மார்க்கம் என்று நபிகளார் கேட்டார்கள். தான் கிறிஸ்தவர் என்றும், நினிவே தன் ஊர் என்றும் அத்தாஸ் சொன்னார். நல்லடியார் யூனுஸ் இப்னு மத்தாவின் ஊர்க்காரரா என்று நபிகளார் கேட்டதும் அவர் திகைத்துப்போனார். அந்தப் பாலைவனத்தில் யூனுஸை அறிந்த ஒருவரா! அவர் என் சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்று பதில் வந்தது. அத்தாஸ் குனிந்து அவர்களுடைய தலையையும் கைகளையும் கால்களையும் முத்தமிட்டார்.

தோட்டத்தை விட்டுத் திரும்பும் வழியில், நபிகளாரை மறுத்த மக்கள் மேல் இரு மலைகளைப் புரட்டிவிடவா என்று மலைகளின் வானவர் கேட்டதாக ஹதீஸ் கூறுகிறது. வேண்டாம், இவர்களின் சந்ததியில் இறைவனை வணங்குவோர் வரக்கூடும் என்று நபிகளார் மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தாயிபின் தகீப் கோத்திரத்தார் மதீனாவுக்குத் தூது வந்தபோது, அவர்கள் தங்குவதற்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடித்துக் கொடுக்கப்பட்டது.

(தொடரும்)