எச்சிலும் தூய்மையும்

தருமபுரிக்கு அருகிலுள்ள கோவிலூர், இம்மாவட்டத்தின் பழைய கத்தோலிக்கக் குடியிருப்புகளுள் ஒன்று. தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் தோன்றியதே. ஆனால் இந்நிலத்தில் கிறிஸ்தவம் பல தலைமுறைகளைக் கண்டுவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதி மைசூர் அரசின் கைக்கு மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில் லியோனார்தோ சின்னமி என்ற இத்தாலியத் துறவி, இயேசு சபையின் மைசூர் மிஷனைத் தொடங்கினார். அவரும் காவியுடை தரித்தார். அந்த வழக்கத்தின் வேரைக் காண நாம் மதுரைக்குச் செல்ல வேண்டும்.

1606-இல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலி ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். ஐரோப்பியப் பாதிரியார் எவ்வளவு செபித்தாலும், இறைச்சி உண்பவரையும் மது அருந்துபவரையும் இந்நாட்டு மக்கள் தூயவராக ஏற்பதில்லை. எனவே அவர் தம் சபையினர் வாழ்ந்த இல்லத்தை விட்டு வெளியேறினார். பாதக்குறடும் காவியும் அணிந்தார். சோறு, காய்கறி, பால் என ஒருவேளை மட்டுமே உண்டார். 1623-இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வரை நடந்தார். பாரமகால் எனப் பின்னர் பெயர்பெற்ற நம் தருமபுரிச் சீமையின் வாயில் அது.

தம் மனத்தூய்மைக்காக மட்டும் அவர் இவ்வாறு வாழவில்லை. பிறர் கண்ணுக்கும் அது தூய்மையாகத் தெரிய வேண்டியிருந்தது. சிக்கல் அங்கேதான் பிறந்தது. இந்நாட்டில் வெளித்தூய்மை சாதியோடு பிணைந்தது. பிராமணத் துறவியாக வாழ்பவர் தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குள் நுழைய இயலாது. இதைச் சமாளிக்க 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற தனிப்பிரிவு உருவானது. இருவகைத் துறவியரும் ஒரே சபையினர், ஒரே வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள்; ஆயினும் ஊரார் முன்னிலையில் ஒன்றாக அமர்ந்து உண்ண முடியாது.

1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை, மூடநம்பிக்கை கலவாதிருந்தால், அனுமதித்தார். அதே ஆணையில், உயர்குடிப் பெருமை பேசுவோர் எளியோரை இகழ வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அனுமதி நிறைவேறியது, வேண்டுகோள் ஏட்டிலேயே நின்றது.

1703-இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், மறு ஆண்டு வெளியிட்ட ஆணையில் இந்த வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தார். திருநீறு கூடாது. சடங்காக நீராடக் கூடாது. உடல் தூய்மைக்காக நீராடலாம். மாதவிலக்குற்ற பெண்களைக் கோவிலிலிருந்து விலக்கக் கூடாது. நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் வீட்டிற்கே குரு செல்ல வேண்டும். ஞானஸ்நானத்தில் குருவின் எச்சிலைத் தொட்டு வைக்கும் சடங்கை விட்டுவிடக் கூடாது. இவற்றுள் எச்சிலே இந்நாட்டவருக்குப் பெரும் அருவருப்பைத் தந்தது.

அச்சடங்கு மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்திலிருந்து வந்தது. காது கேளாத, பேச்சுத் திக்கிய ஒருவனை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கியதை அங்கே காண்கிறோம். அதே அதிகாரத்தின் முற்பகுதியில், கைகழுவாமல் உண்பது பற்றிய வாதத்தில், மனிதனைத் தீட்டுப்படுத்துவது வெளியிலிருந்து உள்ளே செல்வதன்று, உள்ளத்திலிருந்து வெளிவருவதே என்று அவர் போதிக்கிறார். அந்தப் போதனைக்கும் இந்த எச்சிலுக்கும் இடையில் ஒரு பக்கம்கூட இல்லை. தமிழகத்திலோ நாற்பது ஆண்டுகள் இதற்கு வழக்கு நடந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்பளித்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக்குருக்களை அமர்த்துவதே தீர்வாக ஏற்கப்பட்டது. தீட்டு ஒழியவில்லை, அதற்கு ஒரு நிர்வாக ஏற்பாடு கிடைத்தது.

இதற்கிடையே மற்றொரு குரலும் ஒலித்தது. வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். குரு ஆண்டுக்கு ஓரிரு முறையே வந்த ஊர்களில், மக்கள் அன்றாடம் கண்ட கிறிஸ்தவம் உபதேசியாரின் வாழ்க்கைதான். அங்கே தூய்மை என்பது உடையன்று, நடத்தை. சின்னமியின் வழிவந்த சிற்றூர்களையும் உபதேசியார்களே தாங்கி நின்றனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தெ நோபிலியை நாம் எளிதில் குறைகூற இயலாது. ஒருவேளைச் சோற்றில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவரின் துறவு போலியன்று. ஆனால் பிறர் வகுத்த தூய்மையின் அளவுகோலை அவர் ஏற்றபோது, அந்த அளவுகோலால் தள்ளப்பட்டவர்கள் தேவாலயத்தின் வாசலிலும் தள்ளப்பட்டார்கள். தனிமனிதனின் புனிதம் அயலானைத் தொட அஞ்சுமானால், அது யாருக்கான புனிதம்?

1969-இல் திருத்தப்பட்ட ஞானஸ்நானச் சடங்கில் எச்சில் இல்லை. சாதிக்கொரு கல்லறை மட்டும் தமிழகத்தின் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது.