பராக் ஒபாமாவின் 1996 இலினொய் மேலவைத் தேர்தல் பரப்புரை

பராக் ஒபாமாவின் 1996 இலினொய் மேலவைத் தேர்தல் பரப்புரை என்பது, பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் 44வது குடியரசுத் தலைவரான பராக் ஒபாமா, வழக்கறிஞராக இருந்தபோது முதன்முதலாக மக்கள் பதவி ஒன்றிற்குப் போட்டியிட்ட நிகழ்வாகும். இலினொய் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில் 13வது மாவட்டத் தொகுதிக்காக மக்களாட்சிக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் அவர் நின்றார். இத்தேர்தல் 1996 மார்ச் 19 அன்று நடைபெற்றது. எதிர்த்து மனு அளித்த நால்வரும் வாக்குச்சீட்டில் இடம்பெறாமல் போனதால் அவர் போட்டியின்றி வென்றார். வேட்புமனுவில் உள்ள கையெழுத்துகளைச் சட்டப்படி மறுத்து எதிர்வேட்பாளர்களை விலக்கிய முறை இன்றளவும் விவாதிக்கப்படுகிறது.

முதனிலைத் தேர்தல்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைப் பெரும்பாலும் கட்சித் தலைமை தீர்மானிப்பதில்லை. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் நடைபெறும் முதனிலைத் தேர்தலில் வாக்காளர்களே அதைத் தீர்மானிக்கின்றனர். இத்தேர்தலை அரசே நடத்துகிறது. வேட்பாளராக விரும்புபவர் தம் தொகுதியின் பதிவுபெற்ற வாக்காளர்களிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்துகளைத் திரட்டி மனுவுடன் அளிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டில் 13வது மாவட்டத்திற்குத் தேவைப்பட்ட கையெழுத்துகள் 757 ஆகும்.

ஒரே கட்சி மிக வலுவாக உள்ள தொகுதிகளில் பொதுத்தேர்தலைக் காட்டிலும் முதனிலைத் தேர்தலே முடிவைத் தீர்மானிக்கிறது. சிக்காகோ நகரின் தென்பகுதியில் அமைந்த 13வது மாவட்டம் அத்தகையது. சிக்காகோ பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஹைட் பார்க், ஏரிக்கரையை ஒட்டிய சவுத் ஷோர் ஆகிய பகுதிகளும், மேற்கே உள்ள வறிய குடியிருப்புகளும் இதில் அடங்கியிருந்தன. மக்களாட்சிக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே உறுப்பினராவது இங்கு ஏறக்குறைய உறுதி.

பின்னணி

ஒபாமா 1985 முதல் 1988 வரை சிக்காகோவின் தென்கோடியில் சமூக ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினார். எஃகு ஆலைகள் மூடப்பட்டதால் வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த பகுதி அது. பின்னர் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் பயின்று 1991இல் பட்டம் பெற்றார். 1992இல் சிக்காகோவில் வாக்காளர் பதிவு இயக்கம் ஒன்றை வழிநடத்தினார். அதன்பின் குடிசார் உரிமை வழக்குகளை நடத்தும் சட்ட நிறுவனம் ஒன்றில் வழக்கறிஞராகவும், சிக்காகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் அரசியலமைப்புச் சட்ட விரிவுரையாளராகவும் இருந்தார். இவரது முதல் நூல் 1995இல் வெளிவந்தது.

அப்போது 13வது மாவட்டத்தின் உறுப்பினராக இருந்தவர் அலிஸ் பாமர். இவர் 1991 முதல் அப்பதவியை வகித்தார். 1995 ஆகத்து மாதம், ஐக்கிய அமெரிக்கக் கீழவையில் இலினொயின் 2வது மாவட்ட உறுப்பினரான மெல் ரெனால்ட்சு குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்; பின்னர் அவர் பதவி விலகினார். அந்த இடத்தை நாடி ஏற்கனவே பரப்புரையைத் தொடங்கியிருந்த பாமர், தமது மேலவை இடத்திற்கு ஒபாமாவை ஆதரித்தார். 1995 செப்டம்பர் 19 அன்று ஹைட் பார்க்கில் உள்ள விடுதி ஒன்றில் ஒபாமா தமது போட்டியை அறிவித்தார். அக்கூட்டத்தில் அவரை அறிமுகப்படுத்தியவர் பாமரே ஆவார்.

பாமரின் மீள்வருகை

கீழவை இடத்திற்கான சிறப்பு முதனிலைத் தேர்தல் 1995 நவம்பர் 28 அன்று நடந்தது. இதில் ஜெசி ஜாக்சன் இளையவர் வென்றார். மாநில மேலவையின் எமில் ஜோன்சு இரண்டாம் இடத்தையும், பாமர் மூன்றாம் இடத்தையும் பெற்றனர்.

இத்தோல்விக்குப் பின் பாமரின் ஆதரவாளர்கள், அவர் தமது பழைய இடத்திலேயே மீண்டும் நிற்க வழிவிடுமாறு ஒபாமாவைக் கேட்டுக்கொண்டனர். பாமர் அளித்த உறுதியின் பேரிலேயே தாம் களமிறங்கியதாகவும், ஆதரவாளர்களையும் நிதியையும் திரட்டிவிட்ட பின் விலக இயலாது எனவும் ஒபாமா மறுத்தார். மனு அளிக்கத் தொடங்கிய முதல் நாளான டிசம்பர் 11 அன்றே 3,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் அவர் மனு அளித்தார். பாமர் கடைசி நாளான டிசம்பர் 18 அன்று 1,580 கையெழுத்துகளுடன் மனு அளித்தார். இக்கையெழுத்துகள் சில நாட்களுக்குள் அவசரமாகத் திரட்டப்பட்டவை. இவர்களைத் தவிர மேலும் மூவர் மனு அளித்தனர்.

கையெழுத்து மறுப்பு

இலினொய் தேர்தல் சட்டப்படி, ஒருவரின் மனுவில் உள்ள கையெழுத்துகள் செல்லாதவை என வாக்காளர் எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். பின்வருவன பொதுவான மறுப்புக் காரணங்கள் ஆகும்.

* கையெழுத்திட்டவர் பதிவுபெற்ற வாக்காளராக இல்லாதிருத்தல்
* தொகுதிக்கு வெளியே வசித்தல்
* குறிப்பிட்ட முகவரி வாக்காளர் பட்டியலில் உள்ளதனின்று வேறுபடுதல்
* கையெழுத்துக்கு மாறாகப் பெயரைத் தனித்தனி எழுத்துகளில் எழுதியிருத்தல்
* ஒருவருக்காக வேறொருவர் கையெழுத்திட்டிருத்தல்

1996 சனவரி தொடக்கத்தில் ஒபாமாவின் தன்னார்வலர்கள் சிக்காகோ தேர்தல் வாரிய அலுவலகத்தில் எதிர்வேட்பாளர்கள் நால்வரின் மனுக்களையும் வாக்காளர் பட்டியலுடன் வரிவரியாக ஒப்பிட்டனர். வாரியம் அதற்குச் சற்று முன்னர்தான் பட்டியலைச் சீர்செய்து, இம்மாவட்டத்தில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கியிருந்தது. பழைய பட்டியலைக் கொண்டு கையெழுத்துத் திரட்டியவர்களுக்கு இது பெரும் பின்னடைவாயிற்று.

பாமரின் கையெழுத்துகளில் பெரும்பகுதி செல்லாதவையாகி, எஞ்சியவை 757ஐ எட்டவில்லை. அவர் சனவரி 17 அன்று போட்டியிலிருந்து விலகினார். மற்ற மூவரின் மனுக்களும் ஏற்கப்படவில்லை. அவர்களுள் இருவருக்குக் குறைந்த கையெழுத்துகள் நூறுக்கும் குறைவே. ஒருவர் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியும் பயன் கிட்டவில்லை.

முடிவுகள்

மார்ச் 19 அன்று நடந்த முதனிலைத் தேர்தலில் ஒபாமாவின் பெயர் மட்டுமே வாக்குச்சீட்டில் இருந்தது. அவர் 16,279 வாக்குகள் பெற்றார். நவம்பர் 5 அன்று நடந்த பொதுத்தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரையும், ஹரால்ட் வாசிங்டன் கட்சி வேட்பாளரையும் எதிர்த்து ஏறத்தாழ 82 விழுக்காடு வாக்குகளுடன் வெற்றி பெற்றார். 1997 சனவரியில் பதவியேற்ற அவர் 2004 நவம்பர் வரை மாநில மேலவை உறுப்பினராக இருந்தார்.

விமர்சனங்கள்

வாக்காளர் பதிவுக்காக உழைத்த ஒரு குடிசார் உரிமை வழக்கறிஞர், வாக்காளர்களின் தெரிவைச் சுருக்கும் வகையில் சட்ட நுணுக்கங்களைப் பயன்படுத்தினார் என்பது முதன்மையான விமர்சனம். முகவரி மாறியோ எழுத்து மாறியோ ஒருவரின் கையெழுத்து செல்லாததாகும்போது, வீடு மாறி வாழும் வறியவர்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர் என்பதும் சுட்டப்படுகிறது.

விதிகள் அனைவருக்கும் பொதுவானவை என்பதும், 757 செல்லத்தக்க கையெழுத்துகளைத் திரட்ட இயலாதவர் தொகுதிக்கு எவ்வாறு பணியாற்ற இயலும் என்பதும் ஒபாமா தரப்பின் விளக்கம். போலிக் கையெழுத்துகளைத் தடுக்க இத்தகைய சரிபார்ப்பு தேவை என்போரும் உளர். கையெழுத்து மறுப்பு சிக்காகோ அரசியலில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்துவரும் உத்தியாகும்.

பின்விளைவுகள்

போட்டியின்றிக் கிடைத்த வெற்றி ஒபாமாவிற்குப் பதவியைத் தந்ததேயன்றி, கடும் போட்டியில் பரப்புரை செய்த பட்டறிவைத் தரவில்லை. 2000ஆம் ஆண்டில் கீழவைக்கான முதனிலைத் தேர்தலில், நெடுங்கால உறுப்பினரான பாபி ரசிடம் அவர் பெரும் வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 2004இல் ஐக்கிய அமெரிக்க மேலவைக்கான முதனிலைத் தேர்தலில் பலர் போட்டியிட்டபோதும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார். 2008 குடியரசுத் தலைவர் முதனிலைத் தேர்தலில் அலிஸ் பாமர், ஒபாமாவை எதிர்த்து நின்ற இலரி கிளின்டனை ஆதரித்தார்.

ஒபாமாவின் 2004 பரப்புரையில் பணியாற்றியவர்களுள் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞரான ராஜா கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். இவர் இலினொயில் 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் முதனிலைத் தேர்தல்களில் தோற்று, 2016இல் 8வது மாவட்ட முதனிலைத் தேர்தலில் வென்று கீழவை உறுப்பினரானார்.

தமிழ்நாட்டு முறையுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் முதனிலைத் தேர்தல் முறை இல்லை. திருவொற்றியூர், இராயபுரம் உள்ளிட்ட எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் போட்டியிட விரும்பும் கட்சியினர், கட்சி அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி விருப்ப மனு அளிப்பதும், தலைமை நேர்காணல் நடத்தி வேட்பாளரை அறிவிப்பதும் பெரிய கட்சிகளின் வழக்கம். கூட்டணி உடன்பாட்டில் தொகுதி வேறு கட்சிக்கு ஒதுக்கப்பட்டால் உள்ளூரில் பல ஆண்டுகள் உழைத்தவருக்கும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது இந்திய தேசிய காங்கிரசு நாட்டின் சில தொகுதிகளில் மட்டும் உட்கட்சி வாக்கெடுப்பைச் சோதனை முறையில் நடத்தியது.

கையெழுத்துத் தேவையும் இங்கு மிகக் குறைவு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை அத்தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். ஏனையோரைப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். இதனுடன் சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இது 5,000 ரூபாய். மனுப் பரிசீலனையை நடத்தும் தேர்தல் அலுவலர், முக்கியத்துவமற்ற குறைபாட்டிற்காக ஒரு மனுவைத் தள்ளுபடி செய்யக்கூடாது என அச்சட்டத்தின் 36வது பிரிவு கூறுகிறது.