நெல்லி கெர்ஷாவும் கல்நார் நோய்க்கான இழப்பீடும்

ஆஸ்பெஸ்டாசுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். பாறையிலிருந்து கிடைக்கும் பொருள், ஆனால் நாராகப் பிரியும். பஞ்சைப் போல நூற்கலாம், நெய்யலாம், தீப்பிடிக்காது. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான ராச்டேல் இத்தொழிலில் இறங்கியதற்கு இதுவே காரணம். அவ்வூரின் டர்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1879இல் இயந்திரத் தறிகளில் கல்நார்த் துணி நெய்யத் தொடங்கியது.

நெல்லி கெர்ஷா 1903இல், 12 வயதில், பஞ்சாலை வேலைக்குச் சென்றவர். ஐந்தே மாதத்தில் கல்நார் ஆலை ஒன்றுக்கு மாறினார். 1917 டிசம்பர் 31 முதல் டர்னர் பிரதர்ஸில் கல்நாரை நூலாக்கும் வேலை பார்த்தார். 1920 வாக்கில் உடல் நலியத் தொடங்கியது. 1922 ஜூலையில் வேலையை விட்டார். உள்ளூர் மருத்துவர் வால்டர் ஸ்காட் ஜாஸ் அளித்த சான்றிதழில், நோய் 'கல்நார் நஞ்சு' என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு சொற்களே நெல்லிக்கு எல்லாக் கதவுகளையும் அடைத்தன. அன்றைய பிரிட்டனில் சாதாரண நோயாளிக்குத் தேசிய காப்பீட்டு நிதியிலிருந்து உதவி கிடைக்கும். வேலையால் வந்த நோய்க்கு முதலாளிதான் பணம் தரவேண்டும். காப்பீட்டுச் சங்கம் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இது தொழில் நோய், நிறுவனத்திடம் கேளுங்கள் என்றது. நிறுவனமோ, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இப்படி ஒரு நோயே இல்லை, கல்நார் நஞ்சும் அல்ல என்று மறுத்தது. ஒன்பது வாரமாக ஒரு காசும் வரவில்லை, சத்துள்ள உணவுக்கும் வழியில்லை என்று நெல்லி நிறுவனத்துக்கு எழுதினார். பயன் இல்லை.

1924 மார்ச் 14 அன்று, 33 வயதில், அவர் இறந்தார். அடக்கச் செலவுக்காவது உதவுமாறு நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. அதுவும் மறுக்கப்பட்டது, கொடுத்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகும், பின்னால் வருபவர்களுக்கு முன்மாதிரியாகிவிடும் என்பது காரணம். தொகை சிறியது. அச்சம் அந்தத் தொகையைப் பற்றியது அல்ல. நெல்லியின் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை.

மரண விசாரணைக்கு நிறுவனம் வழக்கறிஞரை அனுப்பியது. ஆனால் அந்த விசாரணைதான் வரலாற்றைத் திருப்பியது. இத்தகைய நோயாளிகளை ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரையாவது பார்ப்பதாக ஜாஸ் சொன்னார். நோய்க்கூறு வல்லுநர் வில்லியம் எட்மண்ட் குக், நெல்லியின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் இருந்த துகள்களைக் கல்நார்த் தூசியோடு ஒப்பிட்டுக் காட்டினார். அவருடைய கட்டுரை அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1927இல் நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்ற பெயரையும் அவரே வழங்கினார்.

அடுத்து அரசு விழித்தது. தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் மெரிவெதர் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 95 பேருக்கு நோய் இருந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவர்! 1930இல் அந்த அறிக்கை வெளியானது. 1931இல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளும் இழப்பீட்டுத் திட்டமும் வந்தன. நோய் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் குறிப்பிட்ட சில ஆலை வேலைகளைச் செய்தோருக்கு மட்டும்தான்.

அப்படியானால் ஆலைக்குள் கால் வைக்காதவர் இறந்தால்? இக்கேள்வி லீட்ஸ் நகரின் ஆர்ம்லி பகுதியில் எழுந்தது. அங்கிருந்த ஜே.டபிள்யூ. ராபர்ட்ஸ் ஆலையும், 1920இல் உருவான டர்னர் அண்ட் நியூவால் குழுமத்தைச் சேர்ந்ததே. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆலைத் தூசியில்தான் விளையாடினார்கள். கல்நாரால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் ஆலையே மூடப்பட்டுவிட்டது.

ஆர்ம்லியில் வளர்ந்த ஜூன் ஹான்காக்கின் தாய் 1982இல் அந்நோயால் இறந்தார். 1994இல் ஜூனுக்கும் அதே நோய். அவரும், கணவரை அந்நோய்க்கு இழந்த ஈவ்லின் மார்கரெசன் என்பவரும் தொடுத்த வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. தூசியின் ஆபத்து நிறுவனத்துக்கு எப்போது தெரிந்திருக்க வேண்டும் என்பதே வழக்கின் மையம். அதற்கு விடை நிறுவனம் தானே பாதுகாத்து வைத்திருந்த பழைய தாள்களில் இருந்தது. அந்தக் கோப்புகளின் பெரும்பகுதி, அமெரிக்க வங்கி ஒன்று தொடுத்த வேறொரு வழக்கால் வெளியே வந்திருந்தது. 1995 அக்டோபரில் நீதிபதி ஹாலண்ட், ஜூனுக்கு 65,000 பவுண்டும் ஈவ்லினுக்கு 50,000 பவுண்டும் வழங்கத் தீர்ப்பளித்தார். 1996இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஜூன் 1997இல் இறந்தார்.

2001இல் டர்னர் அண்ட் நியூவால் திவால் பாதுகாப்புக்குள் சென்றது. நிலுவையில் இருந்த கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. முதலாளியையும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையும் தேடிக் கண்டுபிடிக்க இயலாத மீசோதீலியோமா நோயாளிகளுக்கும், அவர்கள் இறந்துவிட்டால் அவர்களை நம்பியிருந்த குடும்பத்துக்கும் பணம் கிடைக்க 2014இல் பிரிட்டன் தனிச் சட்டம் இயற்றியது. அதற்கான நிதி காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வசூலிக்கப்படுகிறது.