எல்லை கடக்கும் செய்தி

குற்றம் புரிந்தவன் மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. அவனைத் தேடும் அதிகாரிக்கோ எல்லை உண்டு. நமது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை போலீஸ் நிர்வாகத்தை மாநிலங்களின் பொறுப்பில் வைத்துள்ளது. ஆகவே, ஓரிடத்தில் பதிவான விவரம் பிறிதோரிடத்திற்கு உரிய வேளையில் எட்டுவது எங்ஙனம் என்னும் வினா என்றும் நம்முன் நிற்கிறது.

குற்றவாளியைச் செய்தி முந்த இயலும் என்பதை உலகிற்கு உணர்த்தியது தந்தி. 1845-ல் இங்கிலாந்தில், கொலை செய்துவிட்டு ஸ்லவ் நிலையத்தில் ரயிலேறிய ஜான் டாவெல் என்பவன், லண்டனில் இறங்குமுன்பே அவனைப் பற்றிய தந்தி அங்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் ‘குவேக்கர்’ சமயத்தாரின் உடை தரித்திருந்தான். அக்கருவியில் ‘க்யூ’ என்னும் எழுத்தே இல்லாமையால், அச்சொல்லை வேறு எழுத்தால் கூட்டி அனுப்பினர். ஆயினும் அவன் தப்பவில்லை.

நம் நாட்டில் ஓஷாக்னெஸி என்பார் கல்கத்தாவிற்கும் டயமண்ட் துறைமுகத்திற்கும் இடையே கம்பி அமைத்தார். 1855-ல் தந்தி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு திரிபவனைத் தந்தியால் மட்டும் இனங்காண முடியுமா? இதற்கு விடை கண்டதும் கல்கத்தாவே. 1897-ல் அங்கு விரல்ரேகை நிலையம் நிறுவப்பெற்றது. எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்பால் ரேகைகள் 1,024 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. பல்லாயிரம் தாள்களுக்கிடையே வேண்டிய ஒன்றைத் தேடியெடுப்பது இதனால் எளிதாயிற்று.

அடுத்து வந்தது கம்பியில்லாத் தந்தி. மாநிலப் போலீஸ் ரேடியோ அமைப்புகளை இணைக்கும் மத்திய அமைப்பு 1946-ல் தோன்றியது. கம்பி செல்லாத மலைகளுக்கும் எல்லைப்புறங்களுக்கும் செய்தி சென்றது. பின்னர் இப்பணியில் செயற்கைக்கோளும் துணை சேர்ந்தது.

எனினும் செய்தி அனுப்புவது வேறு. பதிவேட்டையே பகிர்ந்துகொள்வது வேறு. 1986-ல் தேசியக் குற்ற ஆவண நிலையம் ஏற்பட்டது. 2008 நவம்பரில் பம்பாய் நகரில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், 2009-ல் மத்திய அரசாங்கம் 2,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை ஏற்றது. ஏறக்குறைய 14,000 போலீஸ் நிலையங்களைக் கணிப்பொறியால் பிணைப்பது அதன் நோக்கம். 2022-ல் விரல்ரேகைகளுக்கும் தேசியத் தானியங்கு முறை தொடங்கப்பெற்றது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. இயந்திரம் எழுதியதைச் சுமக்கும்; எழுதியது மெய்யா என ஆராயாது. ஒவ்வொரு மாநிலமும் தன் மொழியில் பதிவு செய்கிறது. ஒரே பெயர் தமிழில் ஒருவிதமாகவும், வங்காளியில் வேறுவிதமாகவும், ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாகவும் எழுதப்படும். இதனால் குற்றவாளி மறைவதும் உண்டு. நிரபராதி சிக்குவதும் கூடும். முன்னாளில் ஒரு நிலையத்தின் ஏட்டோடு நின்ற பிழை, இன்று நொடிப்பொழுதில் நாடெங்கும் பரவ வல்லது.

முதல் தகவலறிக்கையை, மறைக்கத்தக்க வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்தில் இணையத்தில் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் 2016-ல் பணித்தது. 2017-ல் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே எனவும் தீர்ப்பளித்தது. செய்தி விரைந்து செல்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டோம். அச்செய்தி பிழையற்றதாகவும், உரியவர் கைக்கு மட்டுமே செல்வதாகவும் இருக்கச் செய்வது இனி நாம் ஆற்றவேண்டிய கடமையாகும்.