பெருஞ்செல்வர் மீது வரி: ஒரு வரலாற்று நோக்கு

வரி என்றதும் நம் இளைஞருள் பலர், அது வருமானம் மிக்கோரின் கவலை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வருமான வரி என ஒன்று இந்நாட்டில் தோன்றுமுன்பே நம் முன்னோர் வரி செலுத்தியவர்களே. 1805ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. அன்றுமுதல் பண்ணையாள் குடித்த கூழின் உப்பிலும் அரசுக்கு ஒரு பங்கு சென்றது. மிராசுதாரர் உண்ணும் உப்பு பண்ணையாள் உண்பதைவிட நூறு மடங்கா? அன்று. ஆனால் அவர் வருமானம் நூறு மடங்குக்கும் மேல். ஆகவே பெருஞ்செல்வர் மீது வரியை உயர்த்தினால் நாட்டின் பொருளாதாரம் வளருமா, தளருமா என்ற வினா எழும்போதெல்லாம், அவர்கள் செலுத்தாததை எவர் செலுத்துகிறார் என்பதையும் உடன்வைத்தே நாம் நோக்க வேண்டும்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் ஏற்பட்ட பற்றாக்குறையை ஈடுசெய்ய, 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரியை விதித்தார். அதனை வெளிப்படையாக எதிர்த்தவருள் தலையாயவர் நம் சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். தம் எதிர்ப்புக் குறிப்பை அவர் வெளியிட்டமையால் பதவியினின்றும் திரும்ப அழைக்கப்பட்டார். வியப்பு யாதெனில், பின்னர் அவரே இந்திய நிதி உறுப்பினராக வந்தார். 1865இல் அவ்வரி மறைந்தது. மீண்டும் வந்தும் போயும், 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அது நிலைபெற்றது. அப்போதும் வேளாண் வருமானம் விலக்கப்பட்டது. நிலத்திற்குத் தீர்வை ஏற்கெனவே உண்டு என்பதே காரணமாகக் கூறப்பட்டது. ஆனால் ஜமீன்தார்களின் கிஸ்தி 1802இலேயே சென்னை மாகாணத்தில் நிலையாக வரையறுக்கப்பட்டுவிட்டது. அதன்மேல் உயர்ந்த வருவாய் அனைத்தும் அவர்களுக்கே. வருமான வரி நிலைபெற்ற இரண்டே ஆண்டில், 1888இல், உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமான வரி வரலாம், போகலாம். உப்பு வரி மட்டும் 1947 வரை ஓய்வு பெறவில்லை.

இந்த அநீதியைப் பொருளியல் அறிவோடு சட்டமன்றத்தில் எடுத்துரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த செலிக்மன், வளர்விகித வரியை ஆராய்ந்த பேரறிஞர். 1925இல் வெளிவந்த அண்ணலின் மாகாண நிதி பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின் மீது பேசிய அண்ணல், வருமான வரிக்கு விலக்கு வரம்பு இருக்க, நிலத்தீர்வைக்கு அத்தகைய வரம்பு இல்லாமையைச் சுட்டினார். பெருநிலக்கிழாரும் துண்டு நிலம் வைத்திருப்பவரும் ஒரே விகிதத்தில் செலுத்துவது எவ்வாறு நியாயமாகும் என்பதே அவர் எழுப்பிய வினா. மதுவின் மீதான வரியாக மக்களிடம் பெறும் தொகையளவேனும் அம்மக்களின் கல்விக்குச் செலவிட வேண்டும் எனவும் அவர் அவ்வாண்டிலேயே வற்புறுத்தினார். ஒரு கல்விச் சங்கத்தின் மலரில் இதனை நினைவுகூர்தல் பொருத்தமே.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1953இல் இறந்தோர் சொத்தின் மீது வரி வந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956இல் அளித்த அறிக்கையைப் பின்பற்றி, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். 1958இல் நன்கொடை வரி தொடர்ந்தது. கால்டாரின் திட்டத்தில் மற்றொரு பாதியும் இருந்தது: இப்புதிய வரிகளை விதித்து, வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 விழுக்காடாகக் குறைத்துவிட வேண்டும், ஏய்க்க வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒருசேரக் கணக்கிட வேண்டும் என்பது. அரசு புதிய வரிகளை ஏற்றது, விகிதத்தைக் குறைக்கவில்லை. செலவு வரி 1962இல் நீக்கப்பட்டு, 1964இல் மீண்டு, 1966இல் மறைந்தது.

விகிதமோ ஏறிக்கொண்டே சென்றது. 1971ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்தின் மீது மேல்வரியுடன் 97.75 விழுக்காடு. அதாவது ஒரு ரூபாயில் இரண்டேகால் காசுதான் ஈட்டியவர்க்கு எஞ்சும். காகிதத்தில் இதனினும் கடுமையான சமதர்மம் இல்லை! நடந்தது என்ன? அவ்வாண்டு இறுதியில் அறிக்கை அளித்த வாஞ்சூ குழு, அளவிறந்த விகிதமே வரி ஏய்ப்புக்கு முதற்காரணம் என்று கூறி, 75 விழுக்காடே உச்சமாக இருக்கப் பரிந்துரைத்தது. இந்துக் கூட்டுக் குடும்பம் தனி நபராகக் கணக்கிடப்பட்டது. பினாமிப் பெயர்கள் இருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, வேளாண் வருமானம் என்று காட்டிவிட்டால் மைய அரசின் கை அங்கே நீளாது. 1972இல் கே. என். ராஜ் குழு வேளாண் உடைமைகள் மீது வரி விதிக்கும் முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தது. அது ஏட்டளவில் நின்றது. சேற்றில் உழைத்தவன் கூலிக்கு மன்றாடிய அதே வயலின் விளைவு வரிக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது.

இதனைக் கொண்டு, செல்வர் மீது உயர்ந்த வரி பொருளாதாரத்தைக் கெடுக்கும் என்று முடிவுகட்டுவோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1950களில் உச்ச விகிதம் 91 விழுக்காடாக இருந்தது. அக்காலத்தில் அந்நாடு வளரவே செய்தது. இங்குக் கெடுத்தது வரியன்று, வசூலாகாத வரி. ஏய்த்தவன் மேலும் செல்வனானான். மறைக்க இயலாத மாதச் சம்பளக்காரனும், கடையில் பொருள் வாங்கிய ஏழையும் குறையை நிரப்பினர். 1939இல் சென்னை மாகாணத்தில் தோன்றிய பொது விற்பனை வரி, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரியில் கலந்து இன்றும் தொடர்வதை நோக்குக.

உச்ச விகிதம் 1974இல் 77 விழுக்காடாகவும், 1985இல் வி. பி. சிங்கின் திட்டத்தில் 50 விழுக்காடாகவும், 1997இல் 30 விழுக்காடாகவும் இறங்கியது. இறப்புச் சொத்தின் மீதான வரி 1985இல் நீங்கியது. செல்வ வரி 2015இல் ஒழிக்கப்பட்டபோது நிதியமைச்சர் அருண் ஜெட்லி கூறிய கணக்கு கருதத்தக்கது: 2013-14இல் நாடு முழுவதும் அவ்வரியால் கிடைத்தது 1,008 கோடி ரூபாய், அதற்கு ஈடாக ஆண்டு வருமானம் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மீது விதித்த 2 விழுக்காடு மேல்வரியால் எதிர்பார்த்தது 9,000 கோடி. பெரிய பெயருடைய வரியினும் வசூலாகும் சிறு வரி மிகுதியாகத் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வசூலான பணம் எங்குச் செல்கிறது என்பது அடுத்த வினா. பண்ணையாளாகவே முடிந்திருக்க வேண்டிய ஒருவன் பொறியாளனாகவோ மருத்துவனாகவோ வளர்ந்தால், பெருகுவது அவன் குடும்பத்தின் வருமானம் மட்டுமன்று, நாட்டின் உற்பத்தியும் ஆகும். வைசிராய் அவையில் அண்ணல் அமர்ந்திருந்த காலத்தில், 1944இல், உயர்கல்வி பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மைய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயுடன் தொடங்கிற்று. 2020 டிசம்பரில் மைய அமைச்சரவை அத்திட்டத்திற்கு ஐந்தாண்டுகளுக்கென ஒப்புதல் அளித்த மொத்தத் தொகை, மாநிலங்களின் பங்கும் உட்பட, 59,048 கோடி. அதற்கு ஓராண்டு முன்பு, 2019 செப்டம்பரில், நிறுவனங்களின் வரி 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது அரசே அறிவித்த வருவாய் இழப்பு ஓராண்டுக்கு 1,45,000 கோடி. முதலீடு பெருகும் என்பதற்காக அச்சலுகை அளிக்கப்பட்டது. அரசின் கணக்கேடுகளில் உதவித்தொகை ‘செலவு’ என்னும் தலைப்பிலேயே எழுதப்படுகிறது.