காட்பாடி வழிச் சென்ற ஓர் ஆய்வேடு

பட்டத்தின் பொருட்டு எழுதப்பெறும் ஆய்வேடுகளை வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் மூலமெனப் போற்றும் நாம், மாணவர் ஒருவர் தேர்வுக்கென எழுதி, நூலக அடுக்கில் வைக்கப்பெற்று, பின்வருவோர் கைபடாது கிடக்கும் ஏட்டினைப் பட்டத்திற்கு ஏறிய படியென்று மட்டுமே எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு மருத்துவத்துறை ஆய்வேடு ஒன்றின் வரலாறே போதிய சான்றாகும். 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் நோய்க் கண்காணிப்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது அவ்வேடு. அதனை எழுதியவர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற முதுநிலை மாணவியார். எம்.டி. என்பது முனைவர் பட்டம் அன்றெனினும், மருத்துவம் பயில்வார் தாமே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு விடைகாண முயலும் முதற்களம் அதுவேயாகும். எய்ட்ஸ் நோயை விளைக்கும் நச்சுயிரி இந்திய மண்ணில் உண்டு என்பதற்கு முதற்சான்று இம்மாணவியார் தம் ஏட்டிற்கெனத் திரட்டிய குருதியிலிருந்தே கிடைத்தது. அக்குருதி சோதிக்கப்பெற்ற இடம் வேலூர். அது சென்ற வழி காட்பாடி.

முதற்கண் இந்நோயின் முன்வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1981-ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க நாட்டில் இந்நோய் முதன்முதல் அறிவிக்கப்பெற்றது. 1983-இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் நச்சுயிரியைப் பிரித்துக் கண்டனர். 1985-இல் குருதிச் சோதனை புழக்கத்திற்கு வந்தது. அந்நாளில் இந்தியர் பலரும் இதனை மேலைநாட்டு ஒழுக்கக் கேட்டின் விளைவென்றே கருதினர். நம் நாட்டு வாழ்க்கைமுறை நமக்கு அரணாகும் என்று இதழ்களும் எழுதின. பம்பாயில் தேடத் தொடங்கியிருந்தனர். சென்னையிலோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே இல்லை.

இந்நிலையில் ஆய்வுப்பொருள் தேடிக்கொண்டிருந்த நிர்மலாவுக்கு, எய்ட்ஸ் நோயை ஆராயலாமே என்று கூறியவர் பேராசிரியர் சுனிதி சாலமன் ஆவார். நிர்மலாவுக்கு அப்போது வயது முப்பதைக் கடந்திருந்தது. சிற்றூர்ப் பின்னணியில் வந்தவர். இரு குழந்தைகளின் தாய். இந்நோய் பற்றி அவர் முன்பு ஏதும் கற்றிருக்கவில்லை. தயங்கிய அவரை ஊக்கியவர் அவர்தம் கணவரே. இன்னார் இன்னாரிடம் குருதி பெறுதல் வேண்டும் என்று வகுத்து, இருநூறு மாதிரிகள் திரட்டுவது எனத் திட்டமிட்டனர். பாலியல் தொழிலாளர், தம் பாலினத்தாரையே நாடும் ஆடவர், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஆகியோர் அவ்வகுப்பினுள் அடங்குவர்.

எழுதுதற்கு எளிதாகத் தோன்றும் இத்திட்டம் களத்தில் எளிதாயில்லை. பம்பாயிற் போல் அறியப்பட்ட தனித்தெரு எதுவும் சென்னையில் இல்லை. ஆதலின் நிர்மலா சென்னைப் பொதுமருத்துவமனைக்குப் பலகாலும் சென்று, பால்வினை நோய்க்கு மருந்து பெற வந்த பெண்டிர் இருவரிடம் பழகி, அவர் வழியே பிறரை அறிந்தார். அவர்தம் மருத்துவச் சீட்டுகளை நோக்கியபோது முகவரி இருக்கவேண்டிய இடத்தில் 'வி ஹோம்' என்று பலவற்றில் எழுதியிருக்கக் கண்டார். வினவியபோது அது விஜிலென்ஸ் ஹோம் என்னும் காப்பகத்தைக் குறிப்பதென்று தெரிந்தது. காவலர் பிடித்த பாலியல் தொழிலாளரும் ஆதரவற்ற மகளிரும் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். சுவடியில் ஒரு சுருக்கக் குறியைக் கண்டு அதன் விரிவைத் தேடிப் போகும் பதிப்பாசிரியரின் நிலைக்கு இது சிறிதும் குறைந்ததன்று.

அதன்பின் மூன்று திங்கள் போல அவர் அலுவல் தொடங்குமுன் காப்பகத்திற்குச் சென்று குருதி எடுத்தார். பேருந்துக் கட்டணம் மிச்சமாகட்டும் என்று கணவர் தம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாராம். கையுறையோ வேறு காப்போ இல்லை. எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் திரண்டன. குருதியினின்று சீரம் எனப்படும் தெளிநீரைப் பிரிப்பதற்குச் சாலமன் அம்மையார் தம் கணவரிடம் பணம் பெற்றுச் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைத்தார். பிரித்த சீரத்தை வைத்துக்காக்க இடமில்லாமையால் நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தார். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்கள் எதுவும் அறியாத வகையில் மாணவர் ஒருவரின் சமையலறை ஓர் ஆய்வுநிலையத்தின் உறுப்பாயிற்று என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

சீரம் இருந்தது, சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது செய்யலாம் என்று அறிந்து சாலமன் ஏற்பாடு செய்தார். அந்த வசதி வேலூரில் அமைந்தது தற்செயலன்று. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் மருத்துவப்பணி தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்று நிறுவினார். 1942-இல் அது பட்டக் கல்லூரியாயிற்று. 1947 முதல் ஆடவரும் பயின்றனர். நோயாளியின் படுக்கையருகே எழும் ஐயத்தை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்லும் வழக்கம் அங்கு ஆழ வேரூன்றியது. ஜேக்கப் ஜான் தலைமையில் நச்சுயிரியல் துறை அங்கு வளர்ந்திருந்தது. இளம்பிள்ளைவாதம் பற்றிய அவருடைய ஆய்வுகள் அறிஞர் அறிந்தவை.

காட்பாடி பாலாற்றின் வடகரையில் உள்ளது. வேலூர் நகரம் தென்கரையில். தென்னகத்தின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை திறக்கப்பெற்றது. பின்னர் அது மேற்கே நீண்டு காட்பாடியையும், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்களையும் தொட்டுச் சோலையார்பேட்டைக்குச் சென்றது. ஆதலின் சென்னையிலிருந்து வேலூர் மருத்துவமனைக்கு வருவோர் காட்பாடியில் இறங்கி ஆற்றைக் கடந்து செல்வர். வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளரும் இன்றும் அவ்வாறே செல்கின்றனர். 1986 பிப்ரவரித் திங்களில் நிர்மலாவும் அவர் கணவரும் சீரக் குப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவுப் புகைவண்டியேறி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் கடந்து, காட்பாடியில் இறங்கினர். அங்கிருந்து ஆட்டோவில் கல்லூரியை அடைந்தனர்.

அங்கு நிகழ்ந்தது எலைசா என்னும் சோதனை. சிறுசிறு குழிகள் உடைய தட்டொன்றில் நச்சுயிரியின் புரதம் படியவைக்கப்பட்டிருக்கும். அக்குழிகளில் சீரத்தை இட்டால், அதில் நச்சுயிரிக்கு எதிரான பொருள் இருப்பின் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும்; இல்லையேல் கழுவும்போது அகலும். அடுத்து, பற்றியதை அடையாளம் காட்டும் நொதி சேர்ந்த மற்றொரு பொருளை இட்டு, நிறம் மாறும் நீர்மத்தை ஊற்றுவர். நிறம் தோன்றினால் நோய்த்தொற்று உண்டென்று ஐயுறலாம். ஐயுறலாம் என்றே கூறினோம். ஒரு சோதனையே முடிபாகாது.

ஜேக்கப் ஜான் தம்மிடம் பணியாற்றிய ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயஸ் ஆகிய இருவரையும் துணையாக அமர்த்தினார். காலை எட்டரை மணிக்குத் தொடங்கினர். நண்பகலில் மின்சாரம் நின்றது. தேநீர் அருந்தச் சென்றனர். திரும்பிவந்து ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்து பார்த்து விரைந்து மூடினார். அதற்குள் நிர்மலா கண்டுவிட்டார்: ஆறு குழிகள் மஞ்சளாய் மாறியிருந்தன. இதனை அவர் 2016-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனத்திற்கு அளித்த நேர்காணலில் கூறியுள்ளார். சிமோயஸ் வந்து பார்த்தபின் ஜானை அழைத்துவர ஓடினார். ஜான் வந்து கேட்ட முதல் வினா, இம்மாதிரிகள் எங்கே எடுக்கப்பட்டவை என்பதாம். முடிவு உறுதியாகும்வரை யாரிடமும் கூறலாகாது என்று மாணவியாருக்கும் கணவருக்கும் கட்டளையிட்டு அனுப்பினர்.

பின்னர் அம்மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்று, வெஸ்டர்ன் பிளாட் என்னும் நுட்பமான சோதனையால் முடிவு உறுதிப்பட்டது. அதே ஆண்டு மே திங்களில் தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் இச்செய்தியை அறிவித்தார். நிர்மலாவும் சாலமனும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டனர். பலர் நம்பவில்லை, சோதனை பிழையென்றனர். வேற்று மாநிலத்துப் பெண் நம்மைத் தூயரல்லர் என்கின்றாளே என்று சாலமனைத் தூற்றியோரும் உண்டு.

இனி, ஆய்வாளர் கருத வேண்டியது சான்றுகளின் இயல்பாகும். அச்சில் வந்த ஆவணம் ஒன்று உண்டு. 1987-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் 85-ஆம் தொகுதியில் நான்கு பக்கக் கட்டுரையாக இம்முடிவு வெளிவந்தது. அதன் தலைப்பில் நச்சுயிரி 'எச்.டி.எல்.வி.-3' என்று சுட்டப்பட்டுள்ளது. எச்.ஐ.வி. என்னும் பெயர் 1986 மே திங்களிலேயே அறிஞர் குழுவால் வகுக்கப்பட்டுவிட்டது. எனவே கட்டுரை வெளிவந்த காலத்தினும் அதன் உள்ளீடு முற்பட்டது என்பதற்குத் தலைப்பே அகச்சான்று. அத்தலைப்பில் அம்மகளிரைக் குறிக்க வழங்கிய ஆங்கிலச் சொல் இன்று தவிர்க்கப்படுவதும் காலத்தைக் காட்டும் மற்றொரு சான்று.

ஆசிரியர் எழுவர். சிமோயஸ், பாபு, ஜான் ஆகிய வேலூரார் மூவர்க்குப் பின் நான்காவதாக நிர்மலா, ஐந்தாவதாகச் சாலமன். மருத்துவக் கட்டுரைகளில் பெயர்வரிசைக்கு அவ்வத்துறை வழக்குகள் உண்டு. அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. எனினும் வரிசையைக் கொண்டு மட்டும் பணியின் அளவைத் துணியப் புகுந்தால், காப்பகத்துக் காலைப்பொழுதுகளும் குளிர்பதனப் பெட்டியும் ஸ்கூட்டரும் பனிக்கட்டிப் பெட்டியும் நம் கண்ணினின்று மறைந்துபோம். சோதனையின் முறையும் எண்ணும் அச்சுக் கட்டுரையில் உள்ளன. சான்று எவ்வாறு கைக்கு வந்தது என்பது மாணவரின் நினைவில் உள்ளது. முப்பதாண்டு கழிந்த நினைவை அப்படியே ஏற்றல் கூடாதுதான். ஆயின் அதனை ஒதுக்கிவிட்டு வரலாறு எழுதலும் கூடாது.

நம் துறையோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது முதலாகத் தம் பதிப்புகளில் ஏடு தந்தாரின் பெயர்களைத் தவறாது குறித்தார். ஏடு தந்தார் பெயரைக் கூறுதல் நம்மிடை அறம். குருதி தந்தார் பெயரை மறைத்தல் மருத்துவர்க்கு அறம். இவ்விரண்டும் முரணல்ல, தந்தாருக்குத் தீங்கு நேராமையே இரண்டன் அடிப்படையும். ஆனால் மறைக்க வேண்டிய பெயரோடு மறைக்க வேண்டாத பெயரும் சேர்ந்து மறைந்துவிடுகின்றது. தேடித் திரிந்து திரட்டியவரின் பெயர் அவ்வகையது.

குருதி தந்த மகளிர்பால் இன்னும் கடுமையான வினா ஒன்று எழுகின்றது. தாம் எதனைத் தேடுகின்றோம் என்று நிர்மலா அவர்களிடம் கூறவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் எண்ணினர் என்பதனை அவரே மறையாது உரைத்துள்ளார். கண்டுபிடிப்பின் பெருமையை எழுதுவோர் பலரும் இதனைக் கடந்துசெல்கின்றனர், கடந்துசெல்லுதல் தகாது. தொற்று உடையரெனக் கண்ட பெண்டிர் சிலர் தம் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்தினின்று விடுவிக்கப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில் 1990-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே அவர்கள் வெளிவந்தனர். சோதனைக்கு முன் இசைவு பெறுதலும், முடிவை வெளியிடாது காத்தலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டன. சட்டம் வருதற்கு முப்பதாண்டுக்கு மேலாயிற்று.

சாலமன் 1993-இல் சென்னையில் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கும் மருத்துவத்திற்கும் ஒரு நிலையம் நிறுவி, 2015-இல் மறையுமளவும் அத்துறையிலேயே உழைத்தார். 2017-இல் மறைவுக்குப் பின் பத்மசிறீ விருது அளிக்கப்பெற்றார். நிர்மலாவோ, பேரவையில் அறிவிப்பைக் கேட்டபின் மீண்டும் பாடநூல்களுக்குத் திரும்பினார். 1987 மார்ச்சுத் திங்களில் தேர்வு எழுதித் தேறினார். கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசி ஆக்கும் பணியில் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார்.